கனடா ஏரியில் படகு ஓட்டப் போகும் யாழ்ப்பாணத்தவருக்கு

கோடையில் கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போகும் நம் ஊரவர்கள் ஒரு நாளாவது ஏரிக்கரையில் கழிப்பது வழக்கமாகிவிட்டது. சிம்கோ ஏரியிலோ மஸ்கோகாவிலோ மருமகன் வாடகைக்குப் படகு எடுப்பார். "மாமா, நீங்கள் குருநகரில் வள்ளம் ஓட்டியவர்தானே, பிடியுங்கள்" என்பார். பிடிப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். 1999 இல் படிப்படியாகத் தொடங்கிய இந்த விதி, 2009 செப்டெம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் பொருந்துகிறது. துடுப்பு வலிக்கும் தோணிக்கு வேண்டியதில்லை. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது படகோட்டி அட்டை. போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த பாடத்தை இணையத்தில் படித்து, 50 கேள்விகளில் 75 வீதம் எடுத்தால் கிடைக்கும். ஆயுள் முழுவதும் செல்லும். கார் அனுமதிப்பத்திரம் இதற்கு ஈடாகாது. சான்று இல்லாவிட்டால் தண்டம் 250 டொலர்.

'45 நாளுக்குள் திரும்பிவிடுவோருக்கு இது தேவையில்லை' என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை தம் நாட்டுப் படகையே கொண்டுவரும் வெளிநாட்டவருக்கு உரியது. கனடாவில் பதிந்த படகு என்றால் முதல் நாளே சான்று வேண்டும். வாடகைப் படகுக்கு ஒரு வழி உண்டு: படகின் இயக்கத்தையும் ஏரியின் ஆபத்தான இடங்களையும் கடைக்காரர் விளக்கி, பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கையொப்பமிட்டுத் தருவார். வாடகைக் காலம் முடியும்வரை அதுவே சான்று. நீங்களும் ஓட்டுவதானால் அந்த விளக்கத்தைக் கேட்டு, உங்கள் பெயரிலும் எழுதி வாங்குங்கள். தாளைப் படகிலேயே வைத்திருங்கள்.

முப்பது வருடம் கடலில் நின்றவருக்கு எதற்குப் பாடம் என்று கேட்கலாம். அனுபவசாலிக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். இலங்கையில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். கனடாவில் இது தலைகீழ்: நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும்போது சிவப்பு வலப்பக்கம் இருக்க வேண்டும். கை பழகியபடி திருப்பினால் படகு பாறையில் ஏறக்கூடும்.

அடுத்தது குளிர். நம் கடல் நீரேரியில் விழுந்தால் பல இடங்களில் எழுந்து நிற்கலாம், தண்ணீரும் வெதுவெதுப்பானது. அங்கே மே மாதத்தில் வெயில் சுட்டாலும் ஏரி உறைய வைக்கும். விழுந்ததும் மூச்சு தானாக இழுபடும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குத் தண்ணீர்தான் போகும். மூச்சைச் சீராக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணித்தியாலம் என்று அங்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கும் வரம்பு உண்டு. பெரியவர் துணையின்றி 12 வயதுக்குட்பட்டவர் 10 குதிரைவலு வரையும், 12 முதல் 15 வயதுவரை உள்ளவர் 40 குதிரைவலு வரையும்தான் ஓட்டலாம். நீர் ஸ்கூட்டரை 16 வயதாகும்வரை, தாத்தா பின்னால் அமர்ந்திருந்தாலும், தொடக் கூடாது.

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். தீவுக்குப் போன ஒரு படகில் அங்கிகளை மடித்து இருக்கையாகப் போட்டு அமர்ந்திருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே அப்படிச் செய்யாதீர்கள். கரையில் நிற்கும்போதே பட்டியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஏறுங்கள்.