மூலக்கூறுச் சல்லடை: சலிக்காத சல்லடை

கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனால் மொலாசஸ் வாடையும் கூடவே ஏறிக்கொள்ளும். அப்படிப் போகும்போதுதான் கடலூரில் வேதியியல் படிக்கிற அக்கா மகன் கேட்டான்: "மாமா, மாலிக்யூலர் சீவை மூலக்கூறுச் சல்லடைன்னு போட்டிருக்காங்க, சரியா?"

பாதி சரி என்றேன்.

சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால், சாதாரண காற்றழுத்தத்தில் எத்தனால் எடையில் சுமார் 95.6 சதவீதம் வரைதான் ஏறும். அந்தக் கட்டத்தில், ஏறக்குறைய 78.2 டிகிரியில், ஆவியிலும் திரவத்திலும் கலவை ஒரே அளவாகிவிடுவதால் எத்தனை தடவை வடித்தாலும் மிச்சத் தண்ணீர் பிரியாது. இதுதான் அசியோட்ரோப், 'கொதிநிலை மாறாக் கலவை' என்கிறோம். பெட்ரோலில் கலக்க இது போதாது, இன்னும் தண்ணீரை எடுத்தாக வேண்டும்.

அங்கேதான் மூலக்கூறுச் சல்லடையாக சியோலைட் வருகிறது, நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம். 1756இல் சுவீடன் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார், அது கொதிக்கிற மாதிரி நீராவி விட்டது. கிரேக்கத்தில் 'ஸெயின்' என்றால் கொதித்தல், 'லித்தோஸ்' என்றால் கல். வேடிக்கை என்னவென்றால் அசியோட்ரோப்புக்குள் இருப்பதும் அதே 'ஸெயின்'தான். கொதிக்கவைத்துப் பிரிக்க முடியாததைக் கொதிக்கிற கல் பிரித்துவிடுகிறது!

ஆலைகளில் போடுவது 3ஏ என்ற செயற்கை வகை, சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். அதன் நுண்துளை சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), தண்ணீர் மூலக்கூறு அதைவிடக் கொஞ்சம் சிறிசு, எத்தனால் சுமார் 4.4. ஆவியைச் செலுத்தினால் தண்ணீர் துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், எத்தனால் நுழைய முடியாமல் மணிகளுக்கு இடையே நழுவி வெளியே வந்துவிடும். அப்புறம் சூடாக்கியோ அழுத்தத்தைக் குறைத்தோ தண்ணீரை விரட்டினால் மணி மறுபடி தயார்.

இப்போது நம் மாவுச் சல்லடையை நினைத்துப் பாருங்கள். அதில் பொடிசு துளை வழியாக இறங்கிவிடும், கப்பி மேலே நிற்கும். இங்கே பொடிசுதான் மாட்டிக்கொள்கிறது, பெரிசு தப்பித்துப் போகிறது. ஆனால் குறை தமிழில் இல்லை, 1932இல் வேதியியலாளர் மெக்பெய்ன் வைத்த 'மாலிக்யூலர் சீவ்' என்ற ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது.

சியோலைட்டுக்குக் 'கொதிகல்' என்று சொல்லிப் பார்த்தேன். "கொதிகலன் மாதிரி இருக்கு மாமா, பாய்லர்னு நினைச்சுப்பாங்க" என்றான். அதுவும் சரிதான், சியோலைட் என்றே இருக்கட்டும். மாலிக்யூலர் சீவுக்கு, தண்ணீர் மாட்டிக்கொள்வதால், எலிப்பொறி மாதிரி 'பொறி' என்று எழுதலாமா என்று கேட்டான். அளவு பார்த்துப் பிரிக்கிறது இல்லையா, பரீட்சையில் சல்லடை என்றே எழுதுடா என்றேன்.