"ஷட்டவுன் குடுத்துட்டுத்தான் சார் போனேன்"

போன வாரம் வேளச்சேரியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கணினிக் கோளாறு பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணி. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வெறும் வயிற்றோடு வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் முந்தின நாள் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. "நேத்துதானேம்மா குடுத்தேன், மறுபடி எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முந்தின நாள் எடுத்த ரத்தத்தின் முடிவு கணினியில் இல்லை. மாதிரிக் குழாய்களை இரவே அப்புறப்படுத்திவிட்டார்கள். ரத்தத்தைச் சோதிக்கும் பெரிய இயந்திரமான அனலைசரின் நினைவகத்தில் இருந்தவற்றைத் திரும்ப அனுப்ப வைத்து 17 பேருடைய முடிவுகளை மீட்டோம். பழைய இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அதில் ஓட்டிய 6 பேரையும் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. இந்த அம்மா அந்த ஆறு பேரில் ஒருவர்.

லேப் பையன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "ஷட்டவுன் குடுத்துட்டுத்தான் சார் போனேன். ஸ்விட்சை ஆஃப் பண்ணல." அவன் சொன்னது நிஜம். அந்த லினக்ஸ் பெட்டியின் பதிவேட்டில், முந்தைய முறை கணினி ஓடியதற்கான பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஜர்னல்சிடிஎல் -பி -1' என்று அடித்தால் அது வரும். இரவு 9:12-க்கு முறையான ஷட்டவுன். முடிவுகளை வாங்கிச் சேமிக்கும் சர்வீஸுக்கு (பின்னணியில் ஓடும் நிரல்) எதிரே, வெற்றிகரமாக நின்றது என்று ஒரே வரி. பிழை எதுவும் இல்லை. எழுதாமல் நினைவகத்தில் சேர்த்து வைத்திருந்த 23 முடிவுகளும் இல்லை.

இந்த வருடத்தில் இதே கதையோடு எனக்கு வரும் நாலாவது அழைப்பு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷட்டவுன் கொடுத்தவுடன் நடப்பது இவ்வளவுதான். லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்-டி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிக்-டெர்ம் என்ற சிக்னலை அனுப்பும். வேறு நேரம் எழுதி வைக்காவிட்டால் வழக்கமாக 90 நொடி பொறுத்திருக்கும். அதற்குள் நிற்காததற்கு சிக்-கில். முதலாவது, 'கிளம்புப்பா' என்று சொல்வது. இரண்டாவது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. சிக்-கில்லை எந்த நிரலாலும் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது. 'கிளம்பு' என்று சொன்னதும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியவர்தான் நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இயங்குதளத்துக்கு உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இங்கேதான் நான் சந்திக்கிற பத்தில் ஒன்பது பேர் தடுக்கி விழுகிறார்கள். அந்த நிரலை எழுதிய தம்பியிடம் போனில் பேசினேன். நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, நிறுத்தும்போது மிச்சத்தை எழுதுற மாதிரி ஃபைனலி பிளாக்ல போட்டிருக்கேன். கண்ட்ரோல் சி அடிச்சு டெஸ்ட் பண்ணேன், கரெக்டா எழுதுது." எழுதும்தான். ஃபைனலி என்பது, நடுவில் பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி. கண்ட்ரோல் சி அனுப்புவது சிக்-இன்ட். நிரலை எழுதிய மொழியான பைத்தான் அதை ஒரு விதிவிலக்காக (எக்ஸெப்ஷன்) மாற்றிக் கொடுக்கிறது, அதனால் ஃபைனலி ஓடுகிறது. ஷட்டவுனில் வருவது சிக்-டெர்ம். அதை நீங்கள் தனியாகப் பிடிக்காவிட்டால் பைத்தான் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஃபைனலி ஓடாது, முடியும்போது ஓடட்டும் என்று அட்-எக்ஸிட்டில் பதிவு செய்ததும் ஓடாது. 90 நொடி அவகாசத்தில் ஒரு நொடிகூட உங்களுக்குப் பயன்படாது. சிக்-டெர்மால் இறந்ததை சிஸ்டம்-டி ஒழுங்கான முடிவாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் நிற்கச் சொன்னது அதுதானே. அதனால்தான் பதிவேட்டில் 'வெற்றிகரமாக' என்று வந்தது.

திரும்பவும் சொல்கிறேன், தயவுசெய்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெர்மினலில் கண்ட்ரோல் சி அடித்து நிறுத்திப் பார்ப்பது ஷட்டவுன் சோதனை ஆகாது. வேறு சிக்னல், வேறு பாதை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒருமுறை நிஜமாகவே மறுதுவக்கம் செய்து பாருங்கள்.

தம்பி அன்றே சிக்-டெர்மைப் பிடிக்க ஒரு ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் துண்டு, எழுதினான். அதில் 'நிற்க வேண்டும்' என்ற குறியாக ஒரு கொடியை மட்டும் ஏற்றச் சொன்னேன். கோப்பு எழுதுவது, டேட்டாபேஸ் வேலை எல்லாம் திரும்பத் திரும்ப ஓடும் பிரதான லூப்பில்தான் நடக்க வேண்டும். சோதித்தோம். இந்த முறை சர்வீஸ் 90 நொடியும் நிற்காமல் இருந்து சிக்-கில் வாங்கியது. காரணம், லூப், அனலைசர் இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டில் அடுத்த வரிக்காகக் காத்துக் கிடந்தது. இரவில் அனலைசரிலிருந்து வரி ஏது? கொடி ஏறியிருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. படிக்கும் இடத்தில் 1 நொடிக்கு மேல் காத்திராதபடி டைம்அவுட் வைத்தோம், சரியாயிற்று.

அதோடும் முடியவில்லை. நிறுத்தும்போது எழுதப் போனால் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. சர்வீஸை எப்படி எழுப்புவது, நிறுத்துவது என்று சிஸ்டம்-டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ்' மட்டும் எழுதியிருந்தார்கள். 'இது இல்லாமல் நான் இல்லை' என்று அது சொல்லும், யார் முன், யார் பின் என்று சொல்லாது. 'ஆஃப்டர்' என்று தனியாக ஒரு வரி வேண்டும். துவக்கத்தில் டேட்டாபேஸுக்குப் பின் எழும் சர்வீஸ், அணைக்கும்போது அதற்கு முன் நிற்கும். வரிசை தானாகவே தலைகீழாகும். ஒரே ஒரு வரி.

வேறோர் இடத்தில் இன்னொரு கொடுமை. அணையும்போது திரையில் 'ஸ்டாப் ஜாப் ஓடுகிறது' என்று ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருப்பது எரிச்சலாக இருக்கிறதாம். யாரோ சொன்னார்கள் என்று காத்திருக்கும் நேரத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 நொடியாகக் குறைத்துவிட்டார்கள். செய்யாதீர்கள். அந்தச் செய்தி, ஒரு சர்வீஸ் நிற்க முடியாமல் தவிக்கிறது என்று உங்களுக்குச் சொல்கிறது. எந்தச் சர்வீஸ், ஏன் என்று பாருங்கள். மரியாடிபி தன் யூனிட் கோப்பிலேயே சிக்-கில் அனுப்பாதே என்று எழுதி வைத்திருக்கிறது. இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸுக்கு சிக்-டெர்ம் வந்தால் இணைப்பில் இருப்பவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருக்கும், சிக்-இன்ட் வந்தால் அவர்களைத் துண்டித்துவிட்டு ஒழுங்காக மூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் சொந்தமாக யூனிட் கோப்பு எழுதப் போகாதீர்கள்.

டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'டாக்கர் ஸ்டாப்' வழக்கமாகப் பொறுப்பது 10 நொடிதான். உள்ளே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) முதல் ப்ராசஸாக இருந்து அது உங்கள் நிரலைத் துவக்கியிருந்தால், சிக்-டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும், உங்கள் நிரலுக்குப் போய்ச் சேராது. ஸ்கிரிப்டில் உங்கள் நிரலைத் துவக்கும் கடைசி வரியின் தொடக்கத்தில் 'எக்ஸெக்' என்று ஒரு சொல் சேருங்கள்.

பவர் பட்டனைப் பற்றி லேப், கடை, அலுவலகம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். பெரும்பாலான பெட்டிகளில் ஒருமுறை லேசாக அழுத்தினால் முறையான ஷட்டவுன்தான் நடக்கும். நாலைந்து நொடி அழுத்திப் பிடித்தால் அது மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம். திரை கறுப்பாகி எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். விளக்கு தானாக அணையட்டும், அப்புறம் பூட்டைப் போடுங்கள்.

யூபிஎஸ்ஸும் அப்படித்தான். பேட்டரி தீரும்வரை ஓட்டிவிட்டு 'பொத்'தென்று விழுவதற்கா அதை வாங்கினீர்கள்? நான் போகும் இடங்களில் பாதிக்கு மேல், கணினிக்குச் சொருக வேண்டிய யூஎஸ்பி கேபிள் பிரிக்காத கவரில் அப்படியே இருக்கிறது. சொருகுங்கள். 'நட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பேட்டரி குறைந்ததும் அதுவே முறையாக ஷட்டவுன் கொடுக்கும். மிச்சமிருக்கும் பேட்டரி நேரம், பெட்டி அணைய எடுக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

லேபில் கடைசியாக ஒன்று செய்தோம். 50 முடிவுகள் சேர்ந்த பிறகு மொத்தமாக எழுதும் பழக்கத்தையே எடுத்துவிட்டோம். ஒரு நாளைக்கு முந்நூறு முடிவு வரும் இடத்தில் எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்? வந்ததும் எழுது, கமிட் செய் (டேட்டாபேஸில் உறுதியாக்கு). பிறகு அனலைசரிலிருந்து 12 சோதனை முடிவுகளை அனுப்பிவிட்டு ஷட்டவுன் கொடுத்தோம். மறுபடி துவக்கி எண்ணினால் 12. இன்னொரு 12 அனுப்பி, இந்த முறை சிக்-கில் அனுப்பும் 'கில் -9' கொடுத்தேன். அப்போதும் எண்ணிக்கை குறையவில்லை. எனக்கு அதற்குப் பிறகுதான் காபி இறங்கியது.

உங்கள் இடத்தில் இப்படி ஒரு சர்வீஸ் ஓடுகிறதென்றால் இன்று மாலை கடை மூடும் முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அனுப்பியது எத்தனை என்று தாளில் எழுதிக்கொண்டு, ஷட்டவுன் கொடுத்து, திரும்ப எழுப்பி எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் குழாயைக் குப்பையில் போடாதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள்.