மனச்சோர்வு வினாத்தாள்: கூட்டுத்தொகை மட்டும் போதாது

மனச்சோர்வின் தீவிரத்தை அறிய நோயாளியே நிரப்பித் தரும் வினாத்தாள்களில் இன்று பரவலாகப் புழங்குவது பிஎச்கியூ-9. கடந்த இரண்டு வாரங்களில் ஒன்பது தொல்லைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி இருந்தன என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடவேண்டும், மொத்தம் 27. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் லேசானது, 10 மிதமானது, 15 சற்றுக் கடுமையானது, 20-உம் அதற்கு மேலும் கடுமையானது. இணையத்தில் தாங்களே நிரப்பிப் பார்த்துவிட்டு, எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு வருவோரைச் சிகிச்சை அறையில் அடிக்கடி காண்கிறேன்.

எனக்கு அந்த எண் போதாது, தாளையே பார்க்கவேண்டும். ஒருவர் தூக்கம், களைப்பு, பசி, கவனக்குறைவு ஆகிய நான்கிற்கும் 3 இட்டிருப்பார். இன்னொருவர் ஆர்வமின்மை, மனவருத்தம், தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றிற்கு 3 இட்டிருப்பார். இருவருக்கும் கூட்டுத்தொகை 12, இருவருமே 'மிதமானது' என்ற வகையில்தான் வருவார்கள். ஆனால் முதலாமவருக்குத் தைராய்டு குறைபாடோ இரத்தசோகையோ இருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்கவேண்டும். இரண்டாமவரிடம் அன்றைக்கே, பக்கத்தில் யாரும் இல்லாமல், தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகப் பேசவேண்டும். சாவைப் பற்றிய நினைவைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு வெறும் 1 இட்டிருந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் கேட்காமல் விடுவதில்லை. அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்திற்கு ஆதாரம் இல்லை.

குடும்பத்தார் அருகில் அமர்ந்திருக்க நிரப்பிய தாளில், குறிப்பாக அந்த ஒன்பதாவது கேள்விக்கான 0-ஐ, நான் அப்படியே ஏற்பதில்லை. தூக்கமே தேவைப்படாமல், அளவுமீறிய உற்சாகத்தோடு கழிந்த நாட்கள் முன்பு இருந்தனவா என்று இவ்வினாத்தாள் கேட்பதும் இல்லை. மனச்சோர்வும் இத்தகைய மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ள ஒருவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தொடங்குவது நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால், அதை மருத்துவர்தான் விசாரித்து அறியவேண்டும்.

இந்தத் தாள் உண்மையில் பெரிதும் உதவுவது சிகிச்சை தொடங்கிய பிறகுதான். அதே நபர், அதே கேள்விகள், சில வார இடைவெளி: 5 புள்ளிகள் குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம், பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பலனளிக்கிறது என்று கொள்கிறோம். இத்தொல்லைகள் வேலையையும் வீட்டையும் பிறரோடு பழகுவதையும் எவ்வளவு கடினமாக்கின என்று கடைசியில் மதிப்பெண் இல்லாமல் வரும் கேள்வியைப் பலர் நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் நிரப்பி, தாளை முழுமையாகக் கொண்டுவாருங்கள். ஒன்பதாவது கேள்வியில் 0 தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, மருத்துவரை அணுகுங்கள்.