சோறு நிறைகிறது, பருப்பு குறைகிறது

உணவியல் ஆலோசகராகப் பள்ளிச் சமையலறைகளுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது சாம்பார் அண்டாவைத்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினால், உணவு அளவுகள் அங்கே எப்படிக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று ஓரளவு தெரிந்துவிடும்.

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இதற்காக மத்திய அரசு வகுத்த அளவு, சின்ன வகுப்புக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 100 கிராம் அரிசியிலேயே சுமார் 350 கலோரி வந்துவிடுகிறது. புரதமோ அதில் 7 கிராம் அளவுக்குத்தான். மிச்சப் புரதம் பெரும்பாலும் பருப்பிலிருந்து வர வேண்டும். பருப்பைப் பாதியாகக் குறைத்தால் 35 கலோரிதான் போகும். தட்டு நிறைந்திருக்கும், பசியும் அடங்கிவிடும். ஆனால் புரதம் 12 கிராமைத் தொடாது. காய்கறி குறைந்தாலும் அப்படித்தான். வயிறு காட்டிக்கொடுக்காத குறை என்பதால் யாரும் புகார் சொல்வதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? அரிசி மூட்டையாக அரசிடமிருந்து வந்துவிடுகிறது. காய்கறியை உள்ளூரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். சந்தை விலை ஏறும் வேகத்தில் அதற்கான தொகை ஏறுவதில்லை. அப்புறம், படியிலும் டம்ளரிலும் கண்ணளவாகப் போட்டுப் பழகிய சமையலறைகளில் தராசு மூலையில் கிடக்கும். முழுப் பழியையும் சத்துணவு அமைப்பாளர் தலையில் போடுவது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் வாரம் ஐந்து நாள் முட்டை கிடைப்பது பெரிய பலம். ஒரு முட்டை சுமார் 6 கிராம் புரதம் தரும். பருப்பில் விட்ட குறையை அது ஈடுகட்டுகிறது. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பழம் நல்லதுதான், ஆனால் அதில் புரதம் ஒரு கிராம் அளவுக்கே. அந்தக் குழந்தைக்குச் சாம்பார் தண்ணீராக இருந்தால் ஈடுகட்ட வேறெதுவும் இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது இந்தக் குழந்தைகள்தான்.

மத்திய அரசின் மதிய உணவு வழிகாட்டுதல்கள், பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்கின்றன. சரி, செய்ய வேண்டியதுதான். ஆனால் நாக்குக்கு உப்பும் காரமும் தெரியும், எடை தெரியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, சாம்பார் வைக்கும் நாளில் சமைப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் அன்று 120 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால், மத்திய அரசின் அளவுப்படி 2 கிலோ 400 கிராம் பருப்பும் 6 கிலோ காய்கறியும் தராசில் ஏற வேண்டும். குறைந்தால் சமையலரிடம் சண்டை வேண்டாம். எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது, காய்கறிக்குப் பணம் போதவில்லையா என்பதைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி, வட்டார அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.