லேப்டாப்பின் வேகத்தைச் சூடுதான் முடிவு செய்கிறது

2023 ஜூனில் அக்கா மகள் பி.சி.ஏ. சேர்ந்தாள். அவளுக்கு லேப்டாப் வாங்க அல்சூரிலிருந்து அக்கா, அவள், நான் மூன்று பேரும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனோம். பெங்களூர் டவுன் ஹாலிலிருந்து நடக்கிற தூரம்தான். கடைக்காரர் தமிழும் கன்னடமும் கலந்து பேசியபடி இரண்டு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று 47 ஆயிரம் ரூபாய்: ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், கொஞ்சம் தடிமனான உடம்பு. இன்னொன்று 74 ஆயிரம்: ஐ7, 16 ஜிபி, கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகம் போல லேசு. அக்காவுக்கு அப்போதுதான் சீட்டுப் பணம் வந்திருந்தது. "ஒரு தடவைதான்டா வாங்கப் போறோம், பெரிசாவே வாங்கிடலாமே" என்றாள்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றும். 7 என்பது 5-ஐ விடப் பெரிது, விலையும் அதிகம். பெட்டியின் ஓரத்தில் இருந்த பிராசசரின் முழுப் பெயரைப் பார்த்தேன். விலை அதிகமானது ஐ7-1255யு. மலிவானது ஐ5-12450ஹெச். கடைசியில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்துதான் விஷயம். 'யு' என்றால் 15 வாட் மின்சாரத்தில் நிதானமாக ஓடும்படி வடிவமைத்தது. 'ஹெச்' என்றால் 45 வாட். பிராசசருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அந்த 15, 45 இரண்டையும் சூட்டின் அளவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பிராசசருக்குள் கோடிக்கணக்கான ட்ரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன சுவிட்ச். சுவிட்ச் ஆன் ஆக அதன் வாசலில் கொஞ்சம் மின்னேற்றம் நிரம்ப வேண்டும், ஆஃப் ஆக அது வடிய வேண்டும். குவளையில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கொட்டுவது போல. கொட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆற்றல் சூடாக மாறிப் போய்விடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடி துடிப்பு.

வேகம் கூடினால் சூடு அதே அளவு கூடும். அது போதாதென்று, குவளை சீக்கிரம் நிரம்பக் குழாயில் அழுத்தத்தை ஏற்றுவது போல, வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அதில்தான் சிக்கல். மின்னழுத்தம் கூடினால் சூடு அதன் வர்க்கமாக ஏறும். இரண்டையும் 20 சதவீதம் ஏற்றிப் பாருங்கள்: 1.2-ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.73. இருபது சதவீத வேகத்துக்கு எழுபத்து மூன்று சதவீதக் கூடுதல் சூடு!

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக இருந்தது. ட்ரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், எனவே அதே இடத்தில் அதிக சுவிட்சுகளை வைத்தாலும் சூடு ஏறாது என்று 1974-இல் ஐபிஎம்-இன் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் உலகம் அந்த வாக்கின்மேல் ஓடியது. அப்புறம் ட்ரான்சிஸ்டர் மிகவும் சின்னதாகி, ஆஃப் செய்தாலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2004-இல், இந்த ஐ5, ஐ7-ஐச் செய்கிற இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசசர் திட்டத்தையே கைவிட்டது. ஒரே கோரை (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதியை) விரட்டுவதை விட்டுவிட்டு இரண்டு, நான்கு, பத்து கோர் என்று போனது அதன் பிறகுதான்.

45 வாட் என்பது ஒரு குண்டு பல்பை விடக் குறைவு, இதற்கா இவ்வளவு கவலை என்று கேட்கலாம். அது வெளிவரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பிராசசர் சில்லின் (சிப்பின்) பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 22 வாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தின் அடிப்பரப்பில் அதைப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 6 வாட் சொச்சம். ஆக, மடியில் இருக்கிற அந்தச் சில், கொதிக்கிற சாம்பார்ப் பாத்திரத்தின் அடியை விட மூன்று மடங்குக்கு மேல் நெருக்கமான சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும்.

அதை எப்படித் தள்ளுகிறது? என்னுடைய பழைய லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். சில்லின்மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய் ஒன்று ஓரத்துக்கு ஓடுகிறது. வெறும் உலோகக் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். அழுத்தம் குறைவென்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவி மறுமுனைக்கு ஓடும். அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்து, இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோப்பது போல மறுபடி நீராகும். உட்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியே திரும்பிச் சில்லிடம் வந்து சேரும். ஒரு நொடி ஓயாமல் நடக்கிற வேலை இது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

குழாய் முடிகிற இடத்தில் சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள். என் லேப்டாப்பில் அந்தப் பல்லிடுக்கு முழுக்க, தலையணைப் பஞ்சு போல, தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. விரலால் உரித்தபோது துணி மாதிரி ஒரே துண்டாக வந்தது. லேப்டாப் பழசாகி மந்தமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது.

சூடு வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? சில் 100 டிகிரியை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது கோளாறில்லை, எரிந்து போகாமல் தன்னைக் காத்துக்கொள்கிற ஏற்பாடு. பெட்டியில் அச்சடித்திருக்கும் 4.7 கிகாஹெர்ட்ஸ் ஒரு சிறு பாய்ச்சலுக்கானது. பல இன்டெல் லேப்டாப்புகளில் அந்த முழு மூச்சு அரை நிமிடம் போல்தான் நிற்கும். பிறகு 15 வாட்டோ 45 வாட்டோ, உடம்பு எவ்வளவு சூட்டைத் தாங்குமோ அந்த அளவுக்கு இறங்கிவிடும். கடையில் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தால் இரண்டும் பறக்கிற மாதிரி தெரிவது அதனால்தான்.

ஆப்பிள் 2020 நவம்பரில் வெளியிட்ட இரண்டு மாடல்கள் இதற்கு நல்ல சாட்சி. மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ இரண்டிலும் ஒரே எம்1 சில். ஏரில் ஃபேன் கிடையாது, ப்ரோவில் உண்டு. சின்ன வேலைகளில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பல நிமிடம் தொடர்ந்து வேலை வாங்கினால் ஏர் மெல்லப் பின்தங்கும்.

எங்கள் மேசையில் இருந்த இரண்டின் கதையும் இதேதான். காகிதத்தில் ஐ7-க்கு 10 கோர், 4.7 கிகாஹெர்ட்ஸ், ஐ5-க்கு 8 கோர், 4.4. கனமான வேலையைப் பத்து நிமிடம் கொடுத்தால் 45 வாட் வாங்கும் ஐ5 முந்திவிடும். ஐ7-இன் பலம் வேறு இடத்தில்: பேட்டரி அதிக நேரம் வரும், பையில் கனக்காது. அதற்குக் காசு கொடுப்பது தப்பே இல்லை. வேகத்துக்கென்று நினைத்துக் கொடுத்தால்தான் தப்பு.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க ஒன்று உண்டு. சில்லின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். இங்கே 26 டிகிரியில் ஒழுங்காக ஓடியது, மே மாதம் வேலூரில் பாட்டி வீட்டுக்குப் போய் 40 டிகிரியில் திறந்தால் அதே வேலைக்குப் பதினான்கு டிகிரி கூடுதல் சூட்டோடு தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு, ஃபேனுக்கு அது சிறு பாதகம்தான். ஆனாலும் நம் ஊர்க் குளுமை அதை ஈடுகட்டிவிடுகிறது.

சரி, 8 ஜிபி ரேம்? மலிவான லேப்டாப்பின் உண்மையான குறை அங்கேதான் இருந்தது. ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ நொடி. ஃபைல்கள் தங்கும் எஸ்எஸ்டி-யில் இருந்து எடுக்க சுமார் 100 மைக்ரோ நொடி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி நொடி. இந்த எண்கள் மனதில் நிற்காது, சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எடுக்க ஒரு நொடி என்றால் அது ரேம். அதே அளவுகோலில் எஸ்எஸ்டி என்பது தெருமுனைக் கடைக்குப் போய் வருவது, 17 நிமிடம். ஹார்ட் டிஸ்க் 28 மணி நேரம்: ராத்திரி ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்க் கடுகு வாங்கி, அடுத்த ரயிலில் பெங்களூர் திரும்புவது!

ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் என்ன செய்யும் தெரியுமா? இப்போதைக்கு வேண்டாததை எஸ்எஸ்டி-யில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். அதாவது ஒவ்வொரு கடுகுக்கும் கடைக்கு ஓட்டம். பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த நேரம் கரண்டியைப் பிடித்தபடி நிற்க வேண்டியதுதான். பிரவுசரில் இருபது டேப், கூடவே மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்று திறந்தால் 8 ஜிபி திணறும். இன்றைய ரேமின் அடிப்படை அமைப்பான, ஒரே ட்ரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைச் சேமிக்கும் டிரேம் செல்லைக் கண்டுபிடித்ததும் அதே டென்னார்டுதான்; காப்புரிமை 1968-இல் கிடைத்தது. லேப்டாப்பின் இரண்டு கவலைகளிலும் அந்த ஒரே மனிதரின் கை இருக்கிறது.

கடைக்காரரிடம் அடித்தட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். ஐ5-இல் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருந்தது. ஐ7-இல் ரேம் போர்டோடு பற்றவைத்தது, பிறகு கூட்டவே முடியாது. காலி ஸ்லாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு போட்டால் இரண்டு பாதை, 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டியதும் அந்தப் பாதையில்தான் போக வேண்டும் என்பதால், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பெரிய லேப்டாப் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. என் சித்தப்பா மகன் சிவாஜிநகரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். ஒரு கல்யாணத்தை எக்ஸ்போர்ட் செய்ய மணிக்கணக்கில் லேப்டாப் முழு மூச்சில் ஓடும். அவனுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். அதிலும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது: ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயரில் வரும் லேப்டாப் சில், மாடலைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் ஓடலாம். மெல்லிய உடம்பில் அடைத்த 4060, தடித்த உடம்பில் இருக்கும் 4060-க்குப் பக்கத்தில் நிற்காது. வாட் எவ்வளவு என்று கேட்டுத்தான் அவன் வாங்கினான்.

அக்கா மகளிடம், காலேஜில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். "சி, ஜாவா, அப்புறம் டேட்டாபேஸ் மாமா" என்றாள். 47 ஆயிரத்தைக் கொடுத்து, கூட ஒரு 8 ஜிபி ரேமும் வாங்கினோம். கடைக்காரர் அதைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்த, 'டக்' என்று இரண்டு பக்கக் கொக்கியும் பிடித்துக்கொண்டது. அவள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 16 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பணத்தை எண்ணிப் பையில் வைத்த அக்கா, ஃபேன் ஓட்டைக்கு நேரே கையை வைத்து, "லேசா சூடா வருதேடா, பரவாயில்லையா?" என்று கேட்டாள். "வரட்டும்க்கா, வெளியே வர்ற வரைக்கும் நல்லதுதான்" என்றேன்.