மூச்சுக்குழாயின் தசை தடிப்பது எப்படி?

அடுப்பில் வரமிளகாய் கருகினால் வீட்டில் எல்லோரும் இருமுகிறோம். மிளகாயில் உள்ள கேப்சைசின் மூச்சோடு உள்ளே போய், மூச்சுக்குழாய்ச் சுவரில் ஓடும் மெல்லிய நரம்புகளைச் சீண்டுகிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, இருமல் வருகிறது. இதோடு முடிவதில்லை. எலி, கினிப்பன்றி போன்ற விலங்குகளில் அதே நரம்பு முனைகள், தாம் இருக்கும் இடத்திலேயே சில குட்டிப் புரதத் துண்டுகளையும் கசியவிடுகின்றன. இவைதான் நியூரோபெப்டைடுகள்.

இவற்றில் மூத்தது சப்ஸ்டன்ஸ் பி. 1931இல் வான் ஆய்லர், காடம் என்ற இரு விஞ்ஞானிகள் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்தார்கள். மொத்தமே 11 அமினோ அமிலங்கள். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் மென்தசையில் இதற்கென்றே ஏற்பிகள், அதாவது இந்தச் செய்தியை வாங்கும் புரதங்கள், இருக்கின்றன. ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, தசை இறுகுகிறது. இந்த இறுக்கம் சிறிது நேரத்தில் விட்டுவிடும்.

எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த படி. அதே சமிக்ஞை செல்லின் உட்கரு வரை போய், "இரண்டாகப் பிரி" என்ற கட்டளையாகவும் மாறலாம். முயலின் மூச்சுக்குழாய்த் தசைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து சப்ஸ்டன்ஸ் பி கொடுத்தபோது அவை பெருகின. செல்கள் கூடினால் சுவர் தடிக்கும், குழாயின் உள்வழி குறுகும். காற்று சீராக ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு. நீண்ட நாள் ஆஸ்துமாக்காரர்களின் இளைப்புக்கு இந்தத் தடிப்பும் ஒரு காரணம். இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், ஆனால் தடித்ததைக் கரைக்காது.

சரி, இதைத் தடுக்க உடம்பில் ஏற்பாடு இல்லையா? இருக்கிறது. குழாயின் உள்பூச்சு செல்களில் நெப்ரிலைசின் என்ற நொதி இருக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி வந்ததும் வெட்டிப்போடுவது அதன் வேலை. வைரஸ் தொற்றும் சிகரெட் புகையும் இந்த நொதியைக் குறைப்பதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நொதி குறைந்தால் செய்தி நெடுநேரம் நிற்கும்.

இன்னொரு காவல் விஐபி (வேசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு என்பதன் சுருக்கம்). அதுவும் நியூரோபெப்டைடுதான், 28 அமினோ அமிலங்கள். சமி சயீத், விக்டர் மட் என்ற இரு விஞ்ஞானிகள் பன்றியின் குடலிலிருந்து பிரித்து 1970இல் அறிவித்தார்கள். நுரையீரலில் ரத்தக்குழாயை விரிக்கும் பொருளைத் தேடித்தான் சயீத் இந்த வழிக்கே வந்தார். விஐபி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை உயர்த்துகிறது. அதனால் தசை தளர்கிறது. அது மட்டுமல்ல, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தசைச் செல்களின் பெருக்கமும் குறைந்தது. ஒரே நரம்பு மண்டலம் வளர்ச்சியைத் தூண்டவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மனிதரின் மூச்சுக்குழாயில் சப்ஸ்டன்ஸ் பி நரம்புகள் கினிப்பன்றியில் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் அழற்சியின்போது வந்து சேரும் நோயெதிர்ப்புச் செல்களும் அதைச் சுரக்கும். அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகளை ஆஸ்துமாவில் முயன்றார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை. அந்த வகையில் ஒன்றான அப்ரெபிடன்ட் இப்போது புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது.

அப்புறம் மாஸ்ட் செல்கள், ஒவ்வாமையில் பங்கெடுக்கும் நோயெதிர்ப்புச் செல்கள். ஆஸ்துமாக்காரர்களிடம் இவை மென்தசைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கின்றன. இவை வெளியிடும் டிரிப்டேஸ் நொதி விஐபியை வெட்டிவிடுகிறது, சப்ஸ்டன்ஸ் பியை விட்டுவிடுகிறது. அதாவது பெருக்கத்தை அடக்குவது போகிறது, தூண்டுவது நிற்கிறது.