மணல் மூட்டையை எடுத்தது யார்?

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை. விடியற்காலை நாலரை மணி. ஒரு தமிழ்த் தொலைக்காட்சிப் படத்துக்காக முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருந்தோம். நான் லைட் பிரிவில் எடுபிடி. ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. திடீரென்று கடல் பக்கமிருந்து ஒரு காற்று. மூன்று மீட்டர் உயர ஸ்டேண்டில் இருந்த விளக்கு, கொஞ்ச நேரம் யோசித்து முடிவெடுத்தது போல மெதுவாகச் சாய்ந்து விழுந்தது. கீழே இருந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாகப் பிளந்தது. அதில் உட்கார்ந்திருந்த நடிகை இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் தே ஓ வாங்க எழுந்து போயிருந்தார்.

"மணல் மூட்டைய எடுத்தது யாருடா?" என்று கத்தினார் லைட் அண்ணன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் அந்த மூட்டை என்ன வேலை செய்தது என்று பார்ப்போம். ஸ்டேண்டின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று கால்களும் நடுவிலிருந்து அரை மீட்டர் விரிந்திருக்கின்றன. விளக்கு 8 கிலோ. ஒரு கம்பியில் நடுவிலிருந்து ஒரு மீட்டர் வெளியே, முன்கால் நீண்டிருக்கும் அதே திசையில் தொங்குகிறது. கவிழ்ந்தால் அந்த முன்கால்தான் அச்சு. அதற்கு வெளியே அரை மீட்டரில் 8 கிலோ; எடையைத் தூரத்தால் பெருக்கினால் 4 பங்கு கவிழ்க்கப் பார்க்கிறது. உள்ளே அரை மீட்டரில் 10 கிலோ, அதாவது 5 பங்கு பிடித்து வைக்கிறது. நாலுக்கு ஐந்து. விழாது. பின்கால்களில் 10 கிலோ மூட்டை ஒன்றைப் போட்டால் அச்சிலிருந்து முக்கால் மீட்டரில் இன்னும் 7.5 பங்கு கூடிவிடும். அப்போது நாலுக்குப் பன்னிரண்டரை. யாராவது இடித்தால்கூட நிற்கும்.

மூட்டையை எடுத்த பிறகும் விளக்கு ஒரு மணி நேரம் நின்றது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. நிற்கிறதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அது நிற்கும் என்று நம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு பங்குதான் என்பது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். விளக்கின் முகம் அதில் பத்தில் ஒரு பங்கு பரப்பு என்றாலும் 0.6 கிலோ. மூன்று மீட்டர் உயரத்தில் அது 1.8 பங்கு. கணக்கு அங்கேயே முடிந்தது.

இதே காற்று, ஒளியை மென்மையாக்கக் கட்டும் வெள்ளைத் துணிச் சட்டத்தில் பட்டால் என்ன ஆகும்? ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் துணி, 36 சதுர மீட்டர். அதைக் காற்று 200 கிலோவுக்கு மேல் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 900 கிலோ. ஒரு சின்னக் காரின் எடை. பாய்மரக் கப்பல்கள் எப்படி ஓடின என்று யோசித்தால் ஆச்சரியமில்லை. நாம்தான் பாயை நடுத்தெருவில் கட்டிவிட்டு அதன் அடியில் நின்று தேநீர் குடிக்கிறோம்.

அப்புறம் அந்த நாலரை மணி. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியலுக்கு முன்னால் மேற்குக் கரையைத் தாக்கும் இடிமழை வரிசைக்கு வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'சுமத்ரா'தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இது சகஜம். காற்று வரும் நேரமும் மனித மூளை மிக மந்தமாக இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மலேசியாவில் 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டுவதற்கு மேல் வரம்பு அதுதான். அதே 1997இல் ஹாலிவுட்டில் ஓர் உதவி ஒளிப்பதிவாளர் 19 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் வழியில் இறந்தார். படப்பிடிப்பு மரணம் என்றால் எல்லாரும் வெடியையும் துப்பாக்கியையும்தான் நினைக்கிறோம். வீடு திரும்பும் சாலை யார் நினைவுக்கும் வருவதில்லை.

துப்பாக்கிக் கதைகளும் கடைசியில் மணல் மூட்டைக் கதைகள்தான். 1993 மார்ச்சில் அமெரிக்காவின் வில்மிங்டனில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது எப்படி? அருகில் எடுத்த ஒரு காட்சிக்காகப் போலித் தோட்டாக்கள் தேவைப்பட்டன. நிஜத் தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி செருகினார்கள். பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பொறிமருந்தை மட்டும் எடுக்கவில்லை. விசையை யாரோ அழுத்தியபோது அந்தப் பொறியின் பலத்தில் குண்டு கொஞ்சம் நகர்ந்து குழலுக்குள் மாட்டிக்கொண்டது. பல நாள் கழித்து அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டார்கள். அதில் மருந்து உண்டு, குண்டு கிடையாது. போலியில் குண்டு உண்டு, மருந்து கிடையாது. தனித்தனியாக இரண்டும் பாதுகாப்பானவை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தபோது இரண்டும் சேர்ந்து ஒரு முழுத் தோட்டா ஆகிவிட்டன. நடுவில் யாராவது குழலுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை ஓட்டை போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளை வைத்து விளக்கினார். நமக்கு ரொட்டி ஜாலா இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரொட்டியிலும் நிறைய ஓட்டை. நாலைந்தை அடுக்கினால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடிவிடும். பாதுகாப்பு ஏற்பாடு என்பது அந்த அடுக்கு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைகிற நாளில் குழம்பு நேராகத் தட்டில் ஒழுகுகிறது.

ரொட்டி ஜாலாவில் ஓட்டை தற்செயலாக விழும். படப்பிடிப்பில் பல சமயம் ஆட்களே கிழிக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேலிருந்த தண்டவாளத்தில் கட்டிலைப் போட்டுக் காட்சி எடுத்தார்கள். ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. அது படக்குழுவில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ரயில் 600 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டாலும் ஓட 24 நொடிதான் இருக்கிறது, அதுவும் பக்கவாட்டில் இறங்க இடமில்லாத பாலத்தில். சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது உதவி ஒளிப்பதிவாளர் இறந்தார். படத்தின் இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2021இல் நியூ மெக்சிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் சுடப்பட்டு இறந்த வழக்கில் ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாதச் சிறை. துப்பாக்கியில் ஆபத்தில்லை என்று அறிவித்த உதவி இயக்குநர் குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றார். துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்த நடிகர் அலெக் பால்ட்வின் மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. 'ஆபத்தில்லை' என்ற ஒரு சொல் வாய்வழியாகக் கைமாறியது. உள்ளே இருந்த தோட்டாக்களை யாரும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவில்லை.

நம் பக்கம் வருவோம். 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். கோலாலம்பூரில் நடிகர்களைப் பார்க்கக் கூட்டம் கூடும் பெரிய படப்பிடிப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். அங்கேயும் கிரேன் வரும். '25 டன்' என்று அதன் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, நாலைந்து விளக்கு அதற்கு ஒரு பொருட்டா என்று நினைப்பார்கள். அந்த 25 டன், சுமை கிரேனுக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் செல்லும். கையை 20 மீட்டர் தள்ளி நீட்டினால் ஓரிரு டன்னுக்கே திண்டாட்டம். எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று சொல்லும் அட்டவணைக்கு லோட் சார்ட் என்று பெயர். விளக்குச் சட்டத்தில் காற்று அடித்தால் வரும் விசை அந்த அட்டவணையில் இருக்காது.

தரை இன்னொரு தலைவலி. கிரேனின் ஒரு தாங்குகாலில் 10 டன் இறங்குகிறது, காலின் தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 60 டன்னுக்கு மேல் அழுத்தம். அடியில் 1.2 மீட்டர் சதுரக் கட்டையைப் போட்டால் 7 டன்னாகக் குறைந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்கள் பழைய ஈயச் சுரங்க மண். மேலே தார் போட்டு அழகாக இருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று தார் சொல்லாது.

சரி, பொறுப்பு யாருக்கு? மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. பத்துத் துறைகளை வரிசைப்படுத்தி அவற்றுக்குப் பொருந்தும் என்றது. அந்தப் பட்டியலில் திரைப்படம் என்ற பெயரில் எதுவும் இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் வீட்டுவேலை, ஆயுதப்படை, கப்பல் போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களையும் உள்ளே இழுத்துவிட்டது. முதலாளிக்கு அபராத உச்சவரம்பு 50 ஆயிரத்திலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது, சிறையும் உண்டு. ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது கட்டாயம். 'அது கான்டிராக்டர் ஆளு' என்று கைகழுவவும் முடியாது. தன் கட்டளையின் கீழ் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அமர்த்தியவர் பொறுப்பு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பிரிவு: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

சட்டத்தில் இருப்பது வேறு, நாள்கூலிக்கு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனின் வாயிலிருந்து 'நிறுத்துங்க' என்ற சொல் வருவது வேறு. எனக்குத் தெரியும். பத்து பெரிங்கியில் அந்த மூட்டையை எடுத்தது நான்தான். துணிச் சட்டம் ஆடுது, மூட்டை ஒன்று கொண்டு வா என்றார் ஒருவர். லாரி தூரத்தில் நின்றது. ஸ்டேண்ட் பக்கத்தில் நின்றது. எடுத்துவிட்டு, திரும்ப வைக்க வேண்டும் என்று லைட் அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் "சைலன்ஸ்" என்று குரல் வந்துவிட்டது. நம் படப்பிடிப்புகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தபடி நின்றேன். பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை மாட்டிய ஓர் இளம்பெண், கையில் காற்றுமானியோடு கிரேன் ஓட்டுநரிடம் போனார். "அண்ணே, லோட் சார்ட் காட்டுங்க." அவர் கொஞ்சம் முழித்தார். இருக்கைக்கு அடியில் கைவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தூசி தட்டினார்.

"பதினொரு வருசமா ஓட்டுறேன், தங்கச்சி. இந்த சினிமாக்காரங்கள்ல நீதான் மொதல்ல கேட்குற."

அவர் அட்டவணையில் விரலை வைத்து 18 மீட்டர் வரிசையைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.